என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை

தம்பி,

முந்தாநாள் வந்த உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். கண்ணாடி போடாமல் வாசித்தேன், உன் கடிதம் வந்த சந்தோஷத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை. இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும். பம்பாய் வேலையை வேண்டாம் என்று எழுதிவிடப்போகிறாய், வைகாசியில் கல்யாணம் முடிந்த கையோடு மதுரை வேலையையும் விட்டுவிட்டு மருமகளைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கே வந்துவிடப்போகிறாய். அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, பட்டறையில் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் அவரால் முடியாது என்று எழுதியிருந்தாய். பம்பாயில் உனக்குக் கிடைத்திருப்பது பதக்கத்துக்கும் நாணயத்துக்கும் எஃகில் அச்சு வெட்டுகிற வேலை. மதுரையில் மூன்று வருஷம் கம்பெனி முத்திரை வெட்டிக்கொண்டிருந்த பையனை அவ்வளவு பெரிய இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் போடவேண்டும். உன் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புட்டுப் பாசம் பாருங்க இவனுக்கு" என்றாள். நானும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் பாசத்தால் இல்லை.

உன்னிடம் ஒரு விஷயத்தை மூன்று வருஷமாக மறைத்து வைத்திருக்கிறேன். அதை எழுதத்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டுக் கிழித்துப் போடாதே. மருமகளிடம் காட்டு. எப்படிப்பட்ட மாமனார் காலில் விழப்போகிறாள் என்று அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. நம்மைப் போல அப்பனும் மகனும் ஒரே பட்டறையில் உட்கார்ந்திருக்கிற வேறு யாராவது படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய நேரத்தில் படவில்லை, இனிமேல் என்ன.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. ஊரில் மற்றவன்மேல் வருகிற மாதிரி வந்து போகிற பொறாமை இல்லை. சோற்றில் கை வைத்தால் சோறு இறங்காது, அந்த மாதிரி. பெற்ற பிள்ளைமேல் எவனாவது பொறாமைப்படுவானா என்று நீ கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். படுகிறான்.

அது எப்போது ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உனக்குப் பதின்மூன்று வயசு. அப்போது மதுரைக்கும் பழனிக்கும் நடுவில் மரக்கட்டையில் சாமி படம் வெட்டுகிறவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம். வெட்டுவதும் நானே, அச்சடித்து விற்பதும் நானே. பழனி முருகன், சின்னாளப்பட்டிச் சேலைக்கு லேபிள், பொடி டப்பாவுக்கு லேபிள், மாதா கோயில் திருவிழாவுக்கு ஜெப அட்டை, எதுவானாலும் அடியில் என் பேரின் இரண்டு எழுத்து இருக்கும். அந்த ஜெப அட்டை விஷயமாக ஒரு நாள் பாதிரியாரைப் பார்க்கப் போனபோது நீயும் கூட வந்தாய். வெள்ளைக்காரப் பாதிரியார், ஆனால் நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். நாம் படம் வெட்டுகிறவர்கள் என்பதால் ஆசையாக ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து வந்து மேஜைமேல் விரித்தார். அதில் ஒரே மாதிரி இரண்டு படங்கள் ஒட்டியிருந்தன. ஒரு ராஜா விருந்து சாப்பிடுகிறார், சுற்றிலும் ஆட்கள். ஒன்று நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மனிக்காரர் செப்புத் தகட்டில் வெட்டி அச்சடித்தது. இன்னொன்று அதைப் பார்த்து வேறு எவனோ திருட்டுத்தனமாக வெட்டியது. எது அசல் என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றார்.

நான் பூதக்கண்ணாடியை வாங்கி, ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். வலது பக்கத்துப் படத்தில் கோடு மெல்லிசாக, அழகாக இருந்தது. இதுதான் அசல் என்று விரலை வைத்தேன். நீ கண்ணாடியைத் தொடவே இல்லை. எட்டி நின்று பார்த்துவிட்டு, "அது காப்பி, ஃபாதர். அதுல ராஜா எடது கையால சாப்புடுறாரு" என்றாய். அச்சில் வந்த படத்தை அப்படியே பார்த்துத் தகட்டில் வெட்டினால், அடிக்கும்போது திரும்பித்தான் விழும். கட்டையில் தினமும் எல்லாவற்றையும் திருப்பி வெட்டிப் பிழைக்கிற எனக்கு அது தோன்றவில்லை. பாதிரியார் எழுந்து வந்து உன் முதுகில் தட்டினார். பிறகு உன்னைப் பார்த்தேதான் பேசினார், என்னைப் பார்த்து இல்லை.

அந்த ஜெர்மனிக்காரர் கதையைச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? தட்டானுக்குப் பிறந்தவர். வெள்ளிக் கிண்ணத்திலும் துப்பாக்கிக் குழலிலும் பூவும் கொடியும் வெட்டிப் பழகினவர். பிறகு தகட்டுக்கு வந்தார். வீட்டுக்குள்ளேயே அச்சு எந்திரம் போட்டு, தான் வெட்டியதையும் அடுத்தவர் வெட்டியதையும் அச்சடித்தார். சந்தை கூடுகிற ஊருக்கெல்லாம் அவர் மனைவி படங்களைக் கட்டிச் சுமந்து போய் விற்றாள். படத்தின் மூலையில் இரண்டே எழுத்து, அதுதான் அவர் அடையாளம். வயதான காலத்தில் மகன் வெட்டிய தகடுகளிலும் அந்த இரண்டு எழுத்தையே போட்டு விற்றுவிட்டார், எது அப்பன் வேலை எது மகன் வேலை என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள் என்றார் பாதிரியார். அவர் அதை ஒரு குறையாகத்தான் சொன்னார். நான் அதைப் பத்திரமாக மனசில் முடிந்துகொண்டு வந்தேன். வீடு வந்து சேர்ந்ததும் நீ உன் அம்மாவிடம் ராஜா கதையைச் சொன்னாய், பக்கத்து வீட்டில் சொன்னாய், பட்டறையில் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டரிடம் சொன்னாய். அப்பா தப்பாகச் சொன்னார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்கப்புறம் நீ கட்டையும் உளியுமாகவே கிடந்தாய். நான் உட்கார வைத்து ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. பதினேழு வயசில் நீ வெட்டிய மயில் லேபிளில் என் இரண்டு எழுத்தைப் போட்டேன். வியாபாரிகள் வந்து, வயசாக ஆக உங்களுக்குக் கை இன்னும் திருந்துதே என்றார்கள். நான் சிரித்துக்கொண்டேன். நீ உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ சண்டை போட்டிருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும். நல்ல பிள்ளையாக இருந்து என்னைக் கொன்றாய்.

நம் ஊரைத் தனி மாவட்டமாக்கினார்கள் அல்லவா, அதற்கு அடுத்து வந்த தைப்பூசத்துக்குத்தான் பழனியிலிருந்து அந்தப் படக்கடைக்காரர் வந்தார். நெய்க்காரப்பட்டிக்காரர், அடிவாரத்தில் கடை. பாதயாத்திரை வருகிறவர்களுக்குப் புதுசாக ஒரு ஆண்டி முருகன் படம் வேண்டும், வலது கையில் தண்டம், இடது கை இடுப்பில், கோயிலில் இருக்கிற மாதிரியே இருக்கவேண்டும் என்றார். சரிங்க, வெட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் நெளிந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. இத உங்க பையன் வெட்டட்டுங்க. அடியில பேரும் அவரு பேரே இருக்கட்டுங்க" என்றார். மயில் யார் கை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆகட்டும் என்று சொல்லிவிட்டு அவருக்குக் காபி வாங்கிவரச் சொன்னேன். எனக்கு அன்றைக்குக் காபி கசந்தது.

நீ எட்டு நாள் அந்தப் படத்தோடு இருந்தாய். ட்ரேசிங் தாளில் வரைந்து, தாளைக் கவிழ்த்துப் போட்டுக் கட்டையில் இறக்கவேண்டும். அந்தத் தாள் இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துவிட்டால் எது வலம், எது இடம் என்றே தெரியாது. எனக்கே இரண்டு தடவை நடந்திருக்கிறது. அதற்குத்தானே நம் பட்டறையில் அந்த வழக்கம் வைத்திருக்கிறோம். வெட்டியவன் கண்ணை நம்பாமல், வெட்டாத ஒருவர் கட்டையைப் பார்த்துச் சரி என்று சொன்னபிறகுதான் மெஷினில் ஏற்றுவது. அந்த வழக்கத்தின்படி நீ கட்டையைத் துணியால் துடைத்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். "செத்தப் பாருங்கப்பா" என்றாய்.

பார்த்தேன். முதலில் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட வெட்டியதில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்ட முகம், ஆனால் ஒரு ஓரத்தில் சின்னப்பிள்ளைக் கோபம் இன்னும் பாக்கி இருந்தது. எப்படிடா கொண்டுவந்தாய் என்று வாய்வரை வந்தது. அப்புறம்தான் கையைப் பார்த்தேன். கட்டையில் சாமி கோயிலில் நிற்பது போலவே நின்றார். அப்படி நிற்கக் கூடாது. கட்டையில் சரியாக நின்றால் தாளில் தண்டம் இடது கைக்குப் போய்விடும். தாளைக் கவிழ்க்காமல் இறக்கியிருக்கிறாய்; அடியில் வருகிற பேரைத் தனியாக ஈய எழுத்தில் கோத்துச் சேர்ப்பதால் அதிலும் தப்பு தெரிய வழியில்லை. ராஜா இடது கையால் சாப்பிடுகிறார் என்று கண்டுபிடித்த நீயே அதே தப்பைச் செய்திருக்கிறாய்.

நான் அதைப் பார்த்தேன், தம்பி. நன்றாகப் பார்த்தேன். சாளரத்தோரம், பட்டப்பகல், மலைக்கோட்டைமேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு. மெஷின்ல ஏத்து" என்றேன்.

முதல் தாள் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். மை படிந்திருக்கிறதா, கோடு எங்கேயாவது உடைந்திருக்கிறதா என்றுதான் பார்த்தாய். அப்பா சரி என்று சொன்னபிறகு கையை ஏன் பார்க்கப்போகிறாய்? டிரெடில் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்து என்று சொல்ல இரண்டு தடவை எழுந்தேன். ஒரு தடவை வாசல்வரை போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தேன். இன்னொரு தடவை குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். உன்னைக் கெடுக்க நினைக்கவில்லை என்றெல்லாம் இப்போது கதை விடமாட்டேன். ஒரு தடவை நீ எல்லார் முன்னாலும் தலைகுனிய வேண்டும், நான் வந்து தூக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பழனிக்கு நாம் இரண்டு பேரும்தான் கட்டுகளைச் சுமந்துகொண்டு போனோம். வழியெல்லாம் பச்சை வேட்டியும் காவடியுமாக ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நீ பஸ் சன்னலில் தலையை வைத்து, இதில் எத்தனை பேர் வீட்டில் நம் படம் மாட்டப்போகிறார்களோ என்றாய். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். கடைக்காரர் ஒரு கட்டின் கயிற்றைப் பிரித்தார். மேல் தாளை எடுத்துச் சுவரில் மாட்டியிருந்த பழைய படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உன்னைத்தான் கேட்டார். "ஏனுங்க தம்பி, இத உங்கப்பா பாக்கலீங்களா?"

உன் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "இல்லீங்க. நான் அப்பாட்ட காட்டல. அவசரத்துல நானே ஏத்திட்டேன்" என்றாய். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நொட்டாங்கை முருகன் என்று யாரோ சொன்னார், அது உனக்குப் பேராகவே ஒட்டிக்கொண்டது. சாமி படத்தைப் பழைய பேப்பர் கடையில் போட முடியுமா? ஒரு கட்டு விடாமல் நீயே சண்முக நதிக்குச் சுமந்து போய்த் தண்ணீரில் விட்டாய். ஒவ்வொரு தாளையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விட்டாய். நான் கரையில் நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், எதற்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒங்களுக்குக் கண்ணு தெரியலன்னு வெளிய தெரிஞ்சா யாருப்பா வேலை குடுப்பா? நான் சின்னப் பய. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாய். அப்பா பார்த்தும் சொல்லவில்லை என்று உனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்குக் கண் போய்விட்டது என்றுதான் தோன்றியிருக்கிறது. அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் சொல்லியிருக்கலாம். நீயே ஒரு வழியைத் திறந்து வைத்தாய், நான் அதில் நுழைந்துவிட்டேன். "ஆமாப்பு, கொஞ்ச நாளா மங்கலாத்தான் இருக்கு" என்றேன்.

இன்னும் இருக்கிறது, முழுசாகக் கேள். அந்தக் கட்டை எங்கே என்று பிறகு தேடினாய். எங்கேயோ போய்விட்டது என்றேன். எங்கேயும் போகவில்லை. அந்த முகத்தை நானே இழைப்புளி போட்டு இழைத்தேன். மூன்று இழுப்பில் போய்விட்டது. அந்தக் கட்டையில்தான் பொடி டப்பா லேபிள் வெட்டினேன், அதில் என் இரண்டு எழுத்து இருக்கிறது. நீ உளியைத் துடைத்து வைத்துவிட்டு மதுரைக்கு முத்திரை வெட்டப் போனாய். அங்கிருந்து வரும்போதெல்லாம் எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினாய். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்தாய். நான் டம்ளரைத் தடவி எடுத்தேன், வாசற்படியில் வேண்டுமென்றே ஒரு தடவை இடறினேன். மதுரை டாக்டரிடம் கூட்டிப் போனாய். அவர் என்னைத் தனியாக வைத்து, வயசுக்கு உங்கள் கண் பிரமாதம் என்றார். வெளியே வந்து உன்னிடம், மெல்ல மெல்லக் குறையுமாம் என்றேன். நீ என் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தாய். உன்னைவிட நன்றாக வெட்டத் தெரியாதவனுக்கு உன் இரக்கமாவது கிடைத்ததே என்று இருந்தது எனக்கு. எவ்வளவு கேவலம் பார்.

முந்தாநாள் உன் கடிதத்தை வாசித்தபோது முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பம்பாயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பயல் வந்து என் பக்கத்தில் உட்காருவான், அவன் வெட்டுவான், அடியில் என் எழுத்து இருக்கும், கடைசிவரை பட்டறை என் பட்டறைதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே உன் அம்மா முகத்தைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். எப்படியோ வாய் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அவன் ஒங்களுக்குக் கண்ணா இருக்கணும்னு வாரான். நீங்க கண்ணத் தொறந்துக்கிட்டே அவனத் தள்ளிவிட்டிருக்கீங்க. நீங்க எழுதலன்னா நான் எழுதிருவேன்" என்றாள். அதற்கப்புறம் தட்டில் சோறு வைக்கிறாள், வெஞ்சனம் வைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை.

நேற்றைக்கு விடியற்காலைப் பஸ்ஸில் பழனிக்குப் போனேன். உனக்கு எழுதும் முன்னால் யாரிடமாவது சொல்லிப் பழக வேண்டியிருந்தது. கடைக்காரர் படத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கினார். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? அந்தத் தம்பிகிட்டச் சொல்லுங்க" என்றார். சட்டத்தில் அடுத்த ஆணியை அடித்தார். நிச்சயதார்த்தத்தன்று சேவுகம்பட்டிச் சம்பந்தி உன்னை நொட்டாங்கைக்காரர் என்று கேலி செய்தாரே, நீ சிரித்தாயே, நான் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடமும் கல்யாணத்துக்கு முன்னால் நானே போய்ச் சொல்கிறேன். பெண்ணைக் கொடுக்கிறவருக்கு மாப்பிள்ளையைப் பற்றித் தப்பாகத் தெரிந்திருக்கக் கூடாது.

அப்பன் என்று புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மருமகள் ஏதாவது நன்றாகச் செய்தால், அது சமையலோ, கணக்கோ, பேச்சோ, நன்றாக இருக்கிறது என்று அந்த நிமிஷமே வாய்விட்டுச் சொல். நாளைக்குச் சொல்லலாம் என்று வைக்காதே, வைத்தால் புளித்துவிடும். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து அவன் உன்னை மிஞ்சினால், உள்ளே சுருக்கென்று ஒன்று தைக்கும். நம் ரத்தம், தைக்காமல் இருக்காது. அன்றைக்கு அவனிடமே போய், ஏலே, எனக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறது என்று சொல்லிவிடு. சிரிப்பான். சிரித்தால் தீர்ந்தது. நான் சொல்லியிருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

அந்த ஆண்டி முகம் நான் பார்த்ததிலேயே நல்ல வேலை. மூன்று வருஷம் கழித்துச் சொல்கிறேன். பம்பாய்க்காரர்களுக்கு வருகிறேன் என்று இன்றைக்கே எழுதிப் போடு. அங்கே நீ பெரிய ஆளாவாய். நீ வெட்டியதை யாராவது கொண்டுவந்து என்னிடம் காட்டுவார்கள், எனக்கு வயிறு எரியும். இந்த வயசில் அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை, எரிந்துவிட்டுப் போகட்டும், அது என் பாடு. இதைப் படித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும். வரவேண்டும். அந்தக் கோபத்தோடேயே ரயில் ஏறிப் போ. இரக்கப்பட்டு மட்டும் இங்கே வந்து உட்காராதே.

உன் அப்பா